பத்து மணித் தேத்தண்ணியும் சிவப்புக் குளிசையும்

என்னிடம் விரலில் குத்து வாங்காமல் பிள்ளை பெற்றவள் எங்கள் தோட்டத்தில் ஒருத்தியும் கிடையாது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், பதினாறு வயதில் கொழுந்துக் கூடை மாட்டியவள், இருபத்தொன்பது வருடம் தோட்டத்து மருந்துச்சாலையில் வெள்ளைச் சேலை கட்டி நின்றேன் என்றால் அது யாரும் தூக்கிக் கொடுத்த வேலை இல்லை. நானாக ஏறிய படி.

போன மாதம் எங்கள் தோட்டத்தில் பிரசவம் பார்க்கிற மருத்துவ மாது ஒரு சின்னக் கருவியை என் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினாள். உள்ளங்கைக்குள் அடங்குகிறது. ஒரு சொட்டு இரத்தம் வைத்தால், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரத்தில் நம்பர் வந்துவிடுகிறது. “இது இல்லாத காலத்துல எப்படி ஆன்ட்டி ரத்தம் பாத்தீங்க? களைப்பா இருக்குன்னு வாறவங்களுக்கு ரத்தம் கொறவா, வேற எதுவுமான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எழுதித் தாங்களேன், கிளினிக்ல வாசிச்சுக் காட்டுறேன்” என்றாள்.

எழுதுகிறேன். நான் கெட்டிக்காரியாக இருந்த கதைகள் மட்டும் வரும் என்று அவள் எதிர்பார்த்திருப்பாள். ஆனால் காலை பத்து மணித் தேத்தண்ணி பற்றி இன்னொரு கதையும் இருக்கிறது. அதையும் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிப் பொய்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே. நான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் மலையில் ஒருத்தியின் காலில் புல் வெட்டுகிற கத்தி இறங்கிவிட்டது. எல்லாரும் கத்தினார்கள். நான் தலைத்துணியை அவிழ்த்துக் கட்டி, மருந்துச்சாலை வரைக்கும் என் கையை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே வந்தேன். அங்கே வைத்தியம் பார்த்த செபஸ்தியான் ஐயா கட்டை அவிழ்த்துப் பார்த்தார்.

“யாரு கட்டுனது?”

“நாந்தாங்க.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரும் இல்லீங்க. ரத்தம் வெளிய வந்துச்சு, அமுக்குனேன்.”

“நாளைக்குக் கூடையப் போட்டுட்டு இங்க வா” என்றார். அவ்வளவுதான் என் நேர்முகப் பரீட்சை.

மருந்துப் பெட்டியில் இருக்கிற எழுத்துகளைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் எழுத்து படித்தேன். மூன்று வருடம் தரை கூட்டினேன், பஞ்சு வெட்டினேன், ஊசி கொதிக்க வைத்தேன். நான்காம் வருடம் விரல் குத்தத் தொடங்கினேன்.

செபஸ்தியான் ஐயா பெரிய படிப்புப் படித்த டாக்டர் இல்லை, தோட்டத்து வைத்திய உதவியாளர். ஆனாலும் எங்களுக்கு அவர்தான் டாக்டரய்யா. ஆள் நல்ல உயரம், குரல் மட்டும் சின்னது. கோபம் ஏற ஏற அந்தக் குரல் இறங்கும். காதில் விழாத அளவுக்கு இறங்கிவிட்டால் நாங்கள் நடுங்க வேண்டும். நோயாளி நிற்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கார்டில் எதையும் முதலில் பென்சிலால்தான் எழுதுவார். மறுபடி பார்த்து, கேட்டு, நிச்சயம் என்று மனதுக்குப் பட்ட பிறகுதான் அதன் மேல் பேனா ஓடும். பேனா ஓடியதை அவரே திருத்த மாட்டார்.

என்னிடம் ஒன்றை மட்டும் விடாமல் சொல்லுவார். “பாத்தத முதல்ல சொல்லு அஞ்சல. நெனச்சத அப்புறம் சொல்லு.”

இரத்தம் பார்க்கிற முறையைச் சொல்லுகிறேன். கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாயில் அடிக் கோடு வரைக்கும் அமிலத் தண்ணீர் விட வேண்டும். பிறகு விரல். கொழுந்து எடுக்கிறவள் விரல் நுனி கறை ஏறிக் காய்த்துப் போயிருக்கும். அங்கே குத்தினால் ஊசிதான் மழுங்கும். இடது கை மோதிர விரலின் பக்கவாட்டில் குத்த வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். இரண்டாம் சொட்டு தானாக வர வேண்டும், பிதுக்கக் கூடாது. பிதுக்கினால் இரத்தத்தோடு தண்ணியும் சேர்ந்து வந்து நம்பரைக் குறைத்துக் காட்டும். அதை மெல்லிய குழலில் சரியாகக் கோடு வரைக்கும் வாயால் உறிஞ்ச வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்டால் மயங்கி விழுவார்கள், நாங்கள் அப்படித்தான் செய்தோம். அமிலத்தில் விட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் இரத்தம் பழுப்பாகிவிடும். பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கலக்கி, பக்கத்தில் இருக்கிற பழுப்புக் கண்ணாடியின் நிறமும் குழாயின் நிறமும் ஒன்றாகிற இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த இடத்துக் கோடுதான் நம்பர். ஒரு சொட்டு கூடினாலும் பிழை.

எத்தனையோ பேர் அந்த நிறம் பார்க்கத் தடுமாறுவார்கள். நான் தடுமாறியதில்லை. ஐயா சந்தேகப்பட்டு இரண்டாம் தடவை பார்த்தாலும் என் நம்பர்தான் வரும். கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்துகூட, “ஒங்க அஞ்சலயக் கொஞ்சம் அனுப்புங்க” என்று ஆள் வந்திருக்கிறது.

நம்பர் சரியாக வந்தால் எல்லாம் சரி என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். பிள்ளைக் காம்பராவில் தொழிலாளிகளின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மேரி ஒரு நாள் வந்தாள். உட்கார்ந்தால் எழும்ப முடியவில்லை, முடி கொட்டுகிறது, பச்சரிசி மெல்ல ஆசையாக இருக்கிறது என்றாள். குத்திப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு மேல். வயிற்றில் பிள்ளை இல்லாத பெண்ணுக்குப் பன்னிரண்டு இருந்தால் இரத்தம் குறைவில்லை. “ரத்தம் நல்லாருக்கு. போய் வேலையப் பாரு” என்று அனுப்பப் பார்த்தேன்.

ஐயா உள்ளே இருந்து வந்தார். குரல் இறங்கியிருந்தது. “ஒனக்கு நம்பர் கெடச்சிருச்சு. அவளுக்கு என்னா கெடச்சிச்சு?” என்றார். பிறகு மேரியிடம் மாதத் தீட்டு எத்தனை நாள் போகிறது என்று கேட்டார். எட்டு நாள், கட்டி கட்டியாக. ஹட்டனுக்கு அனுப்பி வேறொரு இரத்தச் சோதனை எடுத்தார்கள். உடம்பில் இரும்புச் சத்துச் சேமிப்பு அடியோடு காலி என்று வந்தது.

அதை ஐயா எனக்கு விளக்கினதை நான் என் பாஷையில் சொல்லுகிறேன். பானையில் அரிசி தீர்ந்த பிறகும் சட்டியில் இரண்டு வேளைச் சோறு இருக்கும். சோற்றை மட்டும் எட்டிப் பார்க்கிறவளுக்கு வீட்டில் பஞ்சம் வந்தது தெரியாது. நாங்கள் விரலில் குத்திப் பார்ப்பது சோறு. சேமிப்பு என்பது அரிசி. அரிசி குறையும்போதே சிலருக்குக் களைப்பு தொடங்கிவிடும். சோறும் குறைந்தால்தான் அது இரத்தச் சோகை. களைப்பு என்று வருகிற எல்லாருக்கும் இரும்பு குறைவு என்றும் இல்லை. ஒருத்திக்குக் கழுத்துச் சுரப்பியில் கோளாறு இருக்கும். இன்னொருத்தி வீட்டுச் சண்டையில் தூங்கியே இருக்க மாட்டாள். கேட்டால்தான் தெரியும்.

மேரி மூன்று மாதம் இரும்பு மாத்திரை, நாங்கள் குளிசை என்போம், போட்டுத் தேறினாள். நான் எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஆறேழு வருடத்துக்கு முன் நடந்தது இனி வருவது.

அந்த நாட்களில் எங்களுக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுத்துவிடுகிற சிவப்புக் குளிசை, அதுதான் இரும்புச் சத்துக் குளிசை, லயத்து வீட்டுக்குப் போனதும் காணாமல் போய்விடும். வாயில் கசக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது, குளிசை போட்டால் பிள்ளை பெருத்து வயிற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று ஆளுக்கொரு கதை. கானில், சாக்கடைத் தண்ணியில், குளிசை மிதக்கும். கோழி கொத்தும்.

நான் ஒரு யோசனை சொன்னேன். தினமும் காலை பத்து மணிக்கு மலையில் தேத்தண்ணி நேரம். எல்லாரும் கூடையை இறக்கிவிட்டு ஓர் இடத்தில் உட்காருவார்கள், கையில் ரொட்டியும் சம்பலும் இருக்கும். நானே குளிசைப் பெட்டியோடு மலைக்குப் போகிறேன், என் கண் முன்னால் விழுங்கட்டும் என்றேன். பச்சைத் தண்ணி அந்தக் காற்றில் பல்லைக் கூசவைக்கும். குளிசையோடு சேர்ந்து குமட்டும். ஆகவே சீனி போட்ட சுடுதேத்தண்ணியை நானே வாளியில் இருந்து ஊற்றிக் கொடுத்தேன். சிவப்புக் குளிசையும் சுண்ணாம்புச் சத்து வெள்ளைக் குளிசையும் ஒரே மடக்கில். பிறகு வாயைத் திறக்க வேண்டும், நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

மலையில் எட்டுப் பிள்ளைத்தாய்ச்சிகள். எட்டு வாயையும் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். கங்காணி வேலு, “அஞ்சலக்கா போலீசுல சேர வேண்டியவங்க. வழி தவறி வந்துட்டாங்க” என்று கிண்டல் பண்ணுவார். தோட்டத்துத் துரை, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். டாக்டரய்யாவும் தடுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியம் இதுதான் என்று நினைத்திருந்தேன்.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி முத்துலெட்சுமி. இருபத்தேழு வயது, மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் கிட்டக் கிட்டப் பிறந்தவை. மலையில் எல்லாரையும் விட அதிகமாகக் கொழுந்து எடுப்பவள். நாலாம் மாதத்தில் அவளுக்கு ஒன்பதரை. பிள்ளைத்தாய்ச்சிக்குக் குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும். சரி, குளிசை ஏற்றிவிடும் என்று நினைத்தேன். அடுத்த மாதம் ஒன்பது. அதற்கடுத்து எட்டு. ஏழாம் மாதம் முடியும்போது ஏழும் கொஞ்சமும்.

குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நான் நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான்கு சொட்டுத் தண்ணீர்தான் விட்டிருப்பேன், அதற்குள் நிறம் வெளுத்துவிட்டது. மறுபடி குத்தினேன். அதே நம்பர்.

“களைப்பா இருக்கா?”

“இல்லக்கா. எப்பவும் போலதான்.”

எப்பவும் போல. வருடக்கணக்காக இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியவளுக்கு அந்தக் களைப்புதான் எப்பவும். மேட்டில் ஏறும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்குத் துணியை இறுக்குகிற சாக்கில் இரண்டு தடவை நிற்பாள். நான் அதைப் பார்த்தேன். படங்கு நழுவுகிறது என்று நினைத்தேன்.

மற்ற ஏழு பேருக்கும் நம்பர் ஏறவில்லை. ஆனால் பெரிதாக இறங்கவும் இல்லை, அதனால் எனக்கு உறுத்தவில்லை. இவள் மட்டும் இறங்குகிறாள் என்றால் இவள்தான் ஏதோ செய்கிறாள். என் ஏற்பாட்டில் பிழை இருக்கும் என்று என் புத்தியில் படவே இல்லை. மறுநாள் அவள் உட்கார்ந்து எழும்பிய இடத்தில் தேயிலைச் செடிக்கு அடியில் குனிந்து தேடினேன். கிடைத்தது. பாதி கரைந்த ஒரு சிவப்புக் குளிசை.

எல்லாரையும் வைத்துக்கொண்டே கேட்டேன். “இது என்னா புள்ள?”

முத்துலெட்சுமி எட்டிப் பார்த்தாள். “வாந்தி வந்திருச்சிக்கா. நேத்து ஒரு தடவ.”

“வாந்தியா, துப்புனியா?”

“துப்பல அக்கா. சாமி சத்தியமா முழுங்குறேன்.”

“முழுங்குறவளுக்கு ஏன் ரத்தம் ஏறல? என் கண்ணு என்னா குருடா? ஒனக்கு என்னமும் ஆச்சுன்னா ஒன் ரெண்டு புள்ளையையும் யாரு பாப்பா, கங்காணியா?”

யாரோ சிரித்தார்கள். அவள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு தேயிலை நிரைக்குள் போய்விட்டாள். அன்றைக்கே லயத்தில் அவளுக்குத் ‘துப்பி’ என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் மாமியார் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது எல்லார் முன்னாலும் கேட்டாளாம், “அரசாங்கம் சும்மா குடுக்குற மருந்த ஏன்டி துப்புற?” என்று.

நான் குளிசையைக் காகிதத்தில் மடித்து டாக்டரய்யாவின் மேசையில் வைத்தேன். அவர் பென்சிலை எடுத்தார்.

“துப்புனதப் பாத்தியா?”

இந்த இடத்தில் நான் உண்மை சொல்லியிருக்க வேண்டும். பார்த்தது ஒரு குளிசை. துப்பினாள் என்பது நினைத்தது. எனக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் நான் சந்தேகப்பட்டால் என் ஏற்பாடே சந்தேகத்துக்கு வந்துவிடும் என்று பயந்தேனோ என்னவோ, வாய் முந்திக்கொண்டது.

“பாத்தேங்கய்யா.”

அவர் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். ‘குளிசை விழுங்குவதில்லை’ என்று கார்டில் எழுதினார். பிறகு நாட்காட்டியைப் பார்த்தார். “இன்னும் ரெண்டு மாசங்கூட இல்ல, ஏழெட்டுக் கெழமதான் இருக்கு. பிரசவத்துல எல்லாருக்கும் ரத்தம் போகும். இவ ஒடம்புல போறதுக்கு என்னா இருக்கு? நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.”

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பொய் சொன்னதற்காக இல்லை, அவள் செத்துவிடுவாளோ என்றுதான். பொய்யைப் பற்றி அப்போது எனக்கு ஒரு கவலையும் இல்லை.

காலையில் பஸ்ஸில் போனோம். வழி முழுக்க அவள் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள டாக்டரம்மா கார்டை வாசித்தார். வாசித்ததும் முகம் மாறியது. தனக்குத் தெரிந்த தமிழில், “ஏன் பெத்தி போடுறது இல்ல? பேபி வேணாமா?” என்று முத்துலெட்சுமியைக் கடிந்தார். பெத்தி என்றால் சிங்களத்தில் குளிசை. முத்துலெட்சுமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

நான் முன்னுக்கு வந்தேன். இனிமேல் துப்ப வழியே இல்லை, என் கண் முன்னால்தான் கொடுக்கிறேன், எட்டுப் பேருக்கும் நான்தான் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் என் ஏற்பாட்டை விளக்கினேன். வாய் திறந்து, நாக்குத் தூக்கிக் காட்டுவது வரைக்கும் சொன்னேன். டாக்டரம்மா நல்ல காரியம் என்பது போலத் தலையசைத்தார். எழுதிக்கொண்டே சாதாரணமாக ஒன்று கேட்டார்.

“பெத்தி பொன்னெ மொனவா எக்கத?” குளிசையை எதோடு குடிக்கிறார்கள் என்று அர்த்தம்.

“தே எக்க, மிஸ்” என்றேன். தேத்தண்ணியோடு. சுடச்சுட, சீனி போட்டு, நானே ஊற்றிக் கொடுக்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். வெள்ளைக் குளிசையும் கூடவே என்றேன். பாராட்டுவார் என்று நின்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டார்.

தேத்தண்ணியில் இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பை எடுக்க விடாது என்றார். சுண்ணாம்புச் சத்துக் குளிசையையும் அதோடு சேர்க்கக் கூடாது, வேறு நேரத்தில் போட வேண்டும். இரும்புக் குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேத்தண்ணி ஆகாது. தண்ணீரோடு, முடிந்தால் புளிப்பான தேசிக்காய்ச் சாறோடு. குளிசைப் பக்கெட்டோடு வந்த தாளிலேயே இது இருக்கிறதே, வாசிக்கவில்லையா என்று கேட்டார். அது சிங்களத்திலும் இங்கிலீஷிலும் பொடி எழுத்தில் இருந்தது. பெட்டியின் பெயரை எழுத்துக் கூட்டுவேனே தவிர, வசனமாக வாசித்து விளங்கிக்கொள்ளத் தெரியாது என்று இருபத்து மூன்று வருடத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

தேத்தண்ணி மட்டும் காரணம் இல்லை என்றும் சொன்னார். அடுத்தடுத்துப் பிள்ளை, ரொட்டியும் சம்பலுமாகச் சாப்பாடு, வெறுங்காலில் நடப்பதால் வயிற்றுக்கு ஏறுகிற கொக்கிப் பூச்சி, எல்லாம் சேர்ந்ததுதான். பரம்பரை இரத்தக் கோளாறு இருக்கிறதா என்றும் சோதித்து, இல்லை என்றார்கள். சேமிப்பு மட்டும் துடைத்து எடுத்த மாதிரி இருந்தது. வாயால் கொடுத்து ஏற்ற இனி நேரம் போதாது, நரம்பு வழியாக இரும்பு ஏற்ற வேண்டும், படுக்கட்டும் என்றார்கள்.

கட்டிலில் ஏறி உட்கார்ந்ததும் முத்துலெட்சுமி கேட்டாள். “டாக்டர் என்னாக்கா சொன்னாங்க? ரொம்ப நேரம் ஒங்ககிட்டப் பேசினாங்களே.”

“சத்து ஏத்தணுமாம்” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு மலையில் கொதித்து ஆறின தண்ணீரும் பிழிந்த தேசிக்காயும் வைத்தேன். “பெரிய ஆஸ்பத்திரியில புதுச் சட்டமாம். குளிசைக்குத் தண்ணி, தேத்தண்ணி பகலைக்குத்தான். வெள்ளைக் குளிசய ராவுக்குப் போடுங்க” என்றேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் சொன்னால் கேட்கிற பழக்கம் அவர்களுக்கு. ‘துப்பி ஆஸ்பத்திரியில படுத்திருக்கா’ என்று பேசிக்கொண்டார்கள். நான் கேட்டும் கேட்காத மாதிரி பெட்டியை மூடினேன்.

முத்துலெட்சுமி திரும்பி வந்தாள். மூன்று கிழமை கழித்துப் பார்த்தேன், ஒன்பதைத் தொட்டிருந்தது. ஒன்பது போதுமா என்ற பயம் என்னை விடவில்லை. சாக்குச் சொல்லித் தினமும் அவள் லயத்துப் பக்கம் போவேன். லயத்துக் காம்பரா வாசலில் அவள் மாமியார் தெரிந்தால் கெட்ட சேதியோ என்று அங்கேயே நின்றுவிடுவேன். என்னைக் கண்டதும் முத்துலெட்சுமி வாசலில் இருந்து எழும்பி உள்ளே போய்விடுவாள்.

நாளுக்கு இரண்டு கிழமை முந்தியே வலி வந்துவிட்டது. பகல் நேரம், நல்ல மழை. தோட்டத்து வண்டியில் நான்தான் கூடப் போனேன். என் கையைப் பிடிக்கச் சொல்லி நீட்டினேன். அவள் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை சீக்கிரம் பிறந்துவிட்டது, பெண். அதற்குப் பிறகு இரத்தப் பெருக்கு நிற்கவில்லை, உள்ளே ஆட்கள் ஓடத் தொடங்கினார்கள். ஒரு தாதி வெளியே ஓடினாள். திரும்பும்போது கையில் இரத்தப் பை. கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு பை போனது. நான் சுவரோரம் நின்றுகொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நான் எத்தனை நாள் எத்தனை கோப்பை ஊற்றியிருப்பேன் என்றுதான். கூட்டத் தெரியாமல் இல்லை, கூட்டினால் வருகிற தொகையைப் பார்க்கத்தான் தைரியம் இல்லை. மறுபடி மறுபடி ஒன்றில் இருந்து தொடங்கினேன்.

சாயந்தரம் அந்த டாக்டரம்மா வெளியே வந்தார். பிழைத்துவிட்டாள் என்றார். முந்தி ஏற்றிய இரும்பு இல்லாமல், ஏழோடு வந்திருந்தால் இந்தப் பெருக்கைத் தாங்கியிருக்க மாட்டாள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். 

மறுநாள் காலை மருந்துச்சாலையில் டாக்டரய்யா முன்னால் நின்றேன். “நா பாக்கலீங்கய்யா” என்றேன்.

“எத?”

“முத்துலெச்சுமி துப்புனத. கீழ கெடந்த குளிசயத்தான் பாத்தேன். ரத்தம் ஏறாததுக்கு நான் ஊத்துன தேத்தண்ணி.”

டாக்டரம்மா கேட்டதையும் சொன்னதையும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவர் உதடு அசைந்தது, குரல் எனக்குக் கேட்கவில்லை. கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. பிறகு கேட்கிற மாதிரி சொன்னார், “தேத்தண்ணி ஆகாதுன்னு எனக்கும் தெரியும் அஞ்சல. நீ மலையில ஊத்துனது தெரியும். நானும் யோசிக்கல.” முத்துலெட்சுமியின் கார்டை எடுத்து, தான் பேனாவால் எழுதிய வரியின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். “மலைக்குப் போய்ச் சொல்லு. நான் வந்து சொன்னா அது ஒன் வாக்கா இருக்காது” என்றார்.

பத்து மணிக்குப் போனேன். எத்தனையோ தடவை அந்தக் கூட்டத்தில் சத்தம் போட்டுப் பேசியவள் நான். அன்றைக்குக் குளிசைப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்கினேன். முத்துலெட்சுமி துப்பவில்லை, நான் பார்த்தேன் என்றது பொய், தேத்தண்ணியோடு கொடுத்தது என் பிழை, ஆஸ்பத்திரியின் புதுச் சட்டம் என்றதும் பொய் என்று சொல்லி முடித்தேன்.

 ரொட்டி மெல்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. பிறகு எட்டுப் பேரில் வாயாடியான பார்வதி கேட்டாள், “அப்ப மூணு மாசமா எங்களுக்குக் கறுப்பாப் போனதுதான் மிச்சமாக்கா?”

கங்காணி வேலு சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். முடியவில்லை.

அதற்குப் பிறகு ‘துப்பி’ என்று கூப்பிடுவது நின்றது. அவள் மாமியார் பீலிக்கரையில் என்னைப் பார்த்துத் திட்டினாள், வாங்கிக்கொண்டேன். முத்துலெட்சுமி வீட்டுக்கும் போனேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். “தெரியும்க்கா. சொன்னாங்க” என்றாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

பிள்ளை பிறந்து ஆறு கிழமை முடிந்து அவள் மருந்துச்சாலைக்கு வந்தாள். மோதிர விரலை நீட்டினாள். பத்துக்கு மேல் ஏறியிருந்தது. பால் கொடுக்கிறவள், சேமிப்பு நிறைய இன்னும் சில மாதம் குளிசை போட வேண்டும் என்று விளக்கினேன். தலையசைத்தாள். முதல் குளிசையை எடுத்து நீட்டினேன்.

“மேசையில வைங்கக்கா” என்றாள்.

வைத்தேன். அவள் கூடவே கொண்டுவந்திருந்த போத்தலைத் திறந்து, தண்ணீரோடு விழுங்கினாள். விழுங்கிவிட்டு என் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து காட்டினாள்.

“வேணாம்மா. மூடு” என்றேன்.

நாக்கையும் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் மூடினாள்.